மூன்று தடவை வெறும் வயிற்றில்

கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர் அரை நிமிஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அரை நிமிஷத்தில் உடையப்பன் தன்னைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய், பதினாறாம் நாள் காரியத்தையும் மனசுக்குள் முடித்துவிட்டார்.

"ரத்தத்த எடுத்து வச்சா கொஞ்ச நேரத்துல தெளியும். மேல நிக்கிற நீரு கண்ணாடி மாதிரி இருக்கணும். ஒங்களுக்குப் பாருங்க, பால் கலந்தாப்புல இருக்கு" என்றார் டாக்டர்.

"பாலா?"

"கொழுப்புங்க. அதுல கொலஸ்ட்ரால்னு ஒண்ணு எவ்வளவு இருக்குன்னு திருச்சிக்கு அனுப்பித்தான் பாக்கணும். ஆனா இதப் பாத்தாலே எனக்குச் சரியாப் படல."

டாக்டருக்கே சரியாகப் படவில்லை என்றால் உடையப்பன் எங்கே போவார்?

அவர் அன்னவாசல் பக்கம் ஓடும் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். நடுவழியில் கைகாட்டி ஏறினால் கண்டக்டர்களுக்கு வேர்த்து ஊற்றும். ஊரையே மிரட்டினாலும் அவருடைய சொந்த வயிறு அவருக்கு அடங்கவில்லை. எட்டு வருஷமாக எரிச்சல். அதைக் காட்டத்தான் புதுக்கோட்டைக்கு வந்தார். இரைப்பைக்குள்ளே வெகுநாளாக அழன்று கிடக்கிறது என்று கண்டுபிடித்த டாக்டர், எதற்கும் மறுநாள் விரதத்தோடு வாருங்கள், ரத்தத்தையும் பார்த்துவிடுவோம் என்றார். அங்கே பிடித்தது சனி.

"வயித்துக்கும் ரத்தத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம். நாள்பட்ட வயித்துக்காரங்க நாலஞ்சு பேருக்கு ரத்தத்துல கொழுப்பும் கூடிப் பாத்திருக்கேன். அது நெஞ்சுக் கொழாயில படிஞ்சா ஆபத்து. ஒங்க அப்பா எதுல போனாரு?"

"நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தாரு. நாப்பத்தேழு வயசு."

"ஒங்களுக்கு?"

"ஆவணி வந்தா நாப்பத்தேழு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் சொன்ன மாதிரி ராத்திரியிலேருந்து விரதம் இருந்தாச்சுல்ல?"

"இருந்தாச்சுங்க. ஒரு பொட்டுத் தண்ணி படல" என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி செவந்தி.

"விரதம் இருந்தும் இப்படின்னா லேசா விட முடியாது. நெய், தேங்கா, முட்டை, கறி எல்லாத்தையும் நிறுத்துங்க. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி விரதத்தோட வாங்க."

அன்றிலிருந்து உடையப்பன் வீட்டில் அவித்ததைத் தின்றார். அதையும் பயந்து பயந்து தின்றார். விஷயம் கேள்விப்பட்ட கண்டக்டர் வெள்ளைச்சாமி பஸ்ஸிலேயே வைத்தியம் சொன்னான்.

"பச்சப் பூண்டு தின்னுங்க சார். கொழுப்பு கரைஞ்சு ஓடிரும்."

கொழுப்பு கரைந்ததோ என்னவோ, வயிறு பற்றி எரிந்தது. குடுமியான்மலை விலக்கில் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார். இந்த லட்சணத்தில், சாகப்போகிற நேரத்தில் ஊரார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்வானேன் என்று டிக்கெட் இல்லாதவர்களை எல்லாம் கும்பிட்டு விட்டுவிட்டார். கம்பெனியிலிருந்து மெமோ வந்தது. அதைப் படித்ததும் படபடப்பு வந்தது. படபடப்பு நெஞ்சில்தான் வந்தது என்பதால் அதற்கும் சேர்த்துப் பயந்தார்.

இரண்டாம் தடவை போவதற்கு முந்தின நாள் சாயங்காலமே செவந்தி அடுப்பை மெழுகிக் கோலம் போட்டுவிட்டாள். மறுநாளும் வீட்டில் புகை எழும்பவில்லை. முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போய் இறங்கினார்கள். டாக்டர் குழாயைத் தூக்கிப் பார்த்தார்.

"போன தடவ பாலு. இந்தத் தடவ தயிரு" என்றார்.

திரும்பி வரும்போது செவந்தி ஜன்னலோரம் சாய்ந்துகொண்டே சொன்னாள்.

"விரதத்துல எங்கயோ கொற இருக்குங்க. அடுத்த தடவ ரெண்டு நாளாக்கிருவோம்."

"ஒடம்பு தாங்குமா செவந்தி?"

"ஒங்க உசுரு பெருசா, இது பெருசா?"

உடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று ராத்திரி வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவளுக்குக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவேயில்லை, அவரையே பார்த்தாள். அதுவரை அவர் பயந்தது சாவுக்கு. இவளைத் தனியாக விட்டுப்போகிறோமே என்ற பயம் அப்போதுதான் வந்தது. அது முதல் பயத்தைவிட மோசமாக இருந்தது.

மூன்றாம் தடவைக்கு இரண்டு நாள் அந்த வீட்டில் சட்டிபானை அசையவில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூடக் கவிழ்த்து வைத்தாள் செவந்தி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது அவள் கால் பின்னியது. தன் நினைப்பிலேயே இவள் உருகிப்போய்விட்டாள் என்று உடையப்பன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்.

டாக்டர் குழாயைப் பார்த்தார். பிறகு உடையப்பனைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் முழுசா இருந்தாச்சா?"

"இருந்தாச்சுங்க. ரெண்டு நாளும் கடுமையான விரதம்" என்றார் உடையப்பன்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரத்தத்தப் பாத்ததில்ல. இனி இங்கிட்டு வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இன்னைக்கே கெளம்புங்க. சொந்தக்காரங்களுக்கும் சொல்லி விட்டுருங்க."

உடையப்பன் எழுந்து கும்பிடப் போனார். அதற்குள் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். திரும்பினால் செவந்தி தரையில் கிடந்தாள்.

"ஐயோ, எனக்கு முந்தி இவ போறாளே" என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் நெஞ்சைப் பிடித்ததைப் பார்த்து டாக்டர் அவரைத் தாங்கப் போனார்.

நர்ஸ் ஞானமணிதான் செவந்தியை உள்ளே தூக்கிப்போய்ப் படுக்கவைத்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கரைத்துப் புகட்டினாள். உள்ளே கொஞ்ச நேரம் முணுமுணுவென்று பேச்சு கேட்டது. டாக்டர் திருச்சிக்குக் கடிதத்தைப் பாதி எழுதியிருந்தபோது அவள் வெளியே வந்தாள்.

"அந்தக் கடுதாசிய நிறுத்துங்க சார்" என்றாள் ஞானமணி. "புருசனுக்காக இருக்கச் சொன்ன விரதம்னு நெனச்சு மூணு தடவையும் பட்டினி கெடந்தது இந்தம்மா, வீட்டுல அடுப்பு பத்தலன்னு இவரு ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாண்டு கிளப்புக் கடையில பூரி தின்னுட்டு வந்துதான் ஒங்ககிட்ட கைய நீட்டியிருக்காரு."