பெத்தன் சாண்

பூமி உருண்டை என்று கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக, பூமியைப் பற்றி உலகத்தில் நடந்த மிகப் பெரிய ஆராய்ச்சி எங்கள் ஊரில்தான் நடந்தது. நாட்டரசன்கோட்டைக்கு மூன்று மைல் தள்ளி, 1926-ஆம் வருஷம் வைகாசி மாதம் அது ஆரம்பமாயிற்று. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆராய்ச்சியை நடத்திய ‘அளவை மாற்று நிர்ணயக் கமிட்டி’யின் காரியதரிசி என்ற முறையில் கடமைக்காகச் சொல்கிறேன்.

பழைய பத்திரங்களில் கோல் என்றும் சாண் என்றும் இருப்பதையெல்லாம் சங்கிலி, லிங்க் என்று மாற்றித் தரவேண்டுமென்று சர்க்கார் கேட்டிருந்தது. ஒரு சங்கிலிக்கு நூறு லிங்க், அதாவது அறுபத்தாறு அடி. ஏன் அறுபத்தாறு என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் சொல்லிவிட்டான், அறுபத்தாறுதான்.

கமிட்டியின் தலைவர் அழகுசுந்தரம் செட்டியார். நிபுணர் மாயக்கண்ணன், சிவகங்கையில் ஒரு வாரம் சர்வே சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவசாலி. மறுமுனையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அதைக் கேட்பது நாகரிகமும் அல்ல.

ஊரில் நூற்றுக்கணக்கான பத்திரங்கள் இருக்க, கமிட்டி முதலில் எடுத்துக்கொண்டது தலைவருடைய பத்திரத்தை. ஐம்பது வருஷத்துக்கு முன் பெத்தன் என்ற விவசாயி, தலைவரின் தகப்பனாருக்கு எழுதிக் கொடுத்தது அது. “ஊருணிக் கரையிலிருந்து கிழக்கே நாற்பது கோல் செட்டியாருக்கு. மிச்சம் எனக்கு. கோலுக்குப் பதினாறு சாண். சாண் என் சாண்.”

அந்த நாற்பது கோலில் தலைவர் தெருவுக்குத் தெரு நீளமாக வீடு கட்டியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கிளுவை வேலி. அதுதான் எல்லை என்று ஊரார் ஐம்பது வருஷமாக அறியாமையினால் நம்பி வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெத்தனின் பேரன் மனைவி பொன்னுத்தாயியின் புஞ்சையும், எந்தக் கோடையிலும் வற்றாத அவளுடைய கிணறும் இருந்தன. அந்தக் கிணற்றை நம்பித்தான் அவள் கத்தரியும் மிளகாயும் போட்டுப் பிழைத்து வந்தாள். புருஷன் போன வருஷம்தான் செத்துப்போயிருந்தான்.

“பெத்தன் போய்ச் சேந்துட்டான். அவன் சாணுக்கு எங்க போறது?” என்று தலைவர் விஞ்ஞான ரீதியாக ஆரம்பித்தார்.

“பெத்தன் ஒத்தக் கையால பனங்காயைத் தூக்குவாருன்னு கேள்வி. அதுமாதிரி கை நம்ம ஊருல ஒருத்தருக்குத்தான் இருக்கு,” என்றார் நிபுணர்.

அந்த ஒருத்தர் தற்செயலாகத் தலைவர் வீட்டுச் சமையல்காரர் மலையாண்டியாக இருந்தார். இன்னும் தற்செயலாக வாசலில் தயாராக நின்றார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை பத்து அங்குலம். நாற்பது கோலுக்கு எட்டுச் சங்கிலி எட்டு லிங்க் வந்தது. கோடு வேலியைத் தாண்டி, கிணற்றையும் தாண்டி, கத்தரிப் பாத்திக்குள் போய் நின்றது.

பொன்னுத்தாயி இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தாள். “என்னய்யா அநியாயம் இது? கெணறு போச்சுன்னா நானும் எம்புள்ளையும் மண்ணையா திங்கிறது? மலையாண்டி அண்ணன் கை எப்பிடி எங்க தாத்தா கையாகும்?”

“இது சாஸ்திரம், பொன்னுத்தாயி. உனக்குப் புரியாது,” என்றார் தலைவர்.

“சரி, புரியிறதையே கேக்குறேன். தாத்தா நெலம் யாருக்கு வந்துச்சோ, அவுகளுக்குத்தானே தாத்தா சாணும் வரும்?”

நிபுணர் மெய்மறந்துபோனார். இப்படி ஒரு தத்துவம் சிவகங்கையில்கூட அவர் காதில் விழுந்ததில்லை. தலைவரும் தலையாட்டினார். வாரிசுரிமை என்றால் அவருக்கு உயிர். அவர் சுயமாகச் சம்பாதித்தது தொப்பை ஒன்றுதான். தவிர, பெத்தன் வம்சத்தில் ஆம்பிளை யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ‘நிலம் எவருக்கோ, சாணும் அவருக்கே’ என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானே அழகாக எழுதினேன்.

“அப்ப அளந்துக்கிடுங்க,” என்று பொன்னுத்தாயி குழந்தையைக் கமிட்டியின் மேஜைமேல் உட்காரவைத்தாள். “எம்மக. பேரு ஆயி. பதினாலு மாசமாச்சு. இவ அப்பன் சாகுமுன்ன நெலத்தை இவ பேருக்குத்தான் எழுதி வச்சாக.”

தீர்மானம் தீர்மானம்தான். வாரிசு என் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டு, நிபுணரின் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு, பெரிய மனது பண்ணிக் கையை விரித்தது. மூன்றரை அங்குலம். நாற்பது கோலுக்கு இரண்டு சங்கிலி எண்பத்து மூன்று லிங்க்.

கோடு தோட்டம் வரைக்கும்கூடப் போகவில்லை. தலைவரின் வீட்டுக்குள் நுழைந்து, முகப்பைத் தாண்டி, இரண்டாங்கட்டில் சாப்பாட்டுப் பந்தியின் நடுவே நின்றது. நிபுணர் கடமை தவறாதவர். சுண்ணாம்பால் கோடு போட்டார். மேற்கே இலை, கிழக்கே அடுப்படி.

தலைவரின் மனைவி நாச்சியம்மை ஆச்சி கோட்டின் கிழக்கே கரண்டியோடு நின்றார். “ஏன் பொன்னுத்தாயி, நான் இப்ப உன் எடத்துலயா நிக்கிறேன்?”

“நில்லுங்க ஆச்சி, உங்களுக்கு இல்லாத எடமா! சாம்பாரை மட்டும் கோட்டுக்கு அங்குட்டு எறக்கணும்னா ஆயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.”

ஆச்சி கணவரைப் பார்த்தார். “நல்லா அளந்தீக! ஊரான் கெணத்தை அளக்கப் போயி என் அடுப்பையில்ல குடுத்துட்டு வந்து நிக்கிறீக?”

அன்று அந்த வீட்டில் இலை போடவில்லை. மறுநாளும் போடவில்லை. தோட்டத்து வாழைக்காயைச் சுட்டுத் தின்று கொண்டிருந்த தலைவர், தோட்டமும் கோட்டுக்குக் கிழக்கேதான் இருக்கிறது என்று நிபுணர் ஞாபகப்படுத்தியதும் அதையும் கீழே வைத்தார். மூன்றாம் நாள் அவசரக் கூட்டம் கூடியது. பசி மனிதனைச் சட்ட நிபுணனாக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

“ஆயி மைனர். மைனர் கையெழுத்தே செல்லாது, மைனர் கை எப்படிச் செல்லும்?” என்று தலைவர் முழங்கினார். “கார்டியன் கைதான் செல்லும்!”

“கார்டியன் நாந்தானே?” என்று பொன்னுத்தாயி கையை நீட்டினாள். அவசரமே படவில்லை. ஒருவேளை இதற்காகவே மூன்று நாள் காத்திருந்தாளோ என்னவோ.

எட்டு அங்குலம். ஆறு சங்கிலி நாற்பத்தாறு லிங்க். கோடு தலைவரின் பந்தியை விட்டது, அடுப்படியை விட்டது, தோட்டத்தைக் கடந்தது, கிளுவை வேலிக்குப் போய் நின்றது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஐம்பது வருஷமாக வேலி எங்கே இருந்ததோ, அங்கேதான் இருக்கிறது என்ற மகத்தான உண்மையைக் கமிட்டி இவ்விதமாகக் கண்டுபிடித்தது. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். பொன்னுத்தாயி தண்ணீர் பாய்ச்சப் போனாள்.

சிவகங்கைக்கு அனுப்பவேண்டிய நமூனாவை நான் பூர்த்தி செய்தேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: ‘இந்தத் தகராறு எந்த அளவையில் ஏற்பட்ட பிழையினால் வந்தது? கோலா, சாணா, சங்கிலியா?’ வெகுநேரம் யோசித்தேன். காரியதரிசி பொய் எழுதக்கூடாது. எனவே இப்படி எழுதினேன்:

‘மூன்றிலும் பிழை இல்லை. தலைவர் வீட்டுக் கிணறு சித்திரையில் வற்றியது. கமிட்டி வைகாசியில் கூடியது.’