ஆகஸ்ட் மூன்றாம் வாரம்

அடுத்த வருடமும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் வீட்டில் இருப்பதில்லை என்று நாள்காட்டி சபதம் எடுத்துவிட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, விழுகிற சத்தம்கூடக் கேட்காத தூரத்தில் இருக்க வேண்டும்.

நாள்காட்டி என்பது ஆபீசில் வைத்த பெயர். உலகக் கார் பந்தயச் சங்கத்தில் அவருக்கு ஒரே வேலை. வரப்போகிற வருடம் எந்த வாரம் எந்த நாட்டில் பந்தயம் என்று அட்டவணை போடுவது. இருபத்திரண்டு பந்தயம், ஐம்பத்திரண்டு வாரம். "எங்க ஊர்ல மழைக்கு முன்னாடி போட்டுக் கொடுங்க சார்" என்று மந்திரிகளே போனில் கெஞ்சுவார்கள். "பாக்கலாம்" என்பார் மிடுக்காக. வீட்டில் மட்டும் அவர் சொல்லி ஒரு தலையணைகூட இடம் மாறியது கிடையாது.

அது கிடக்கட்டும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அப்படி என்ன பாவம் செய்தது? மூன்று வருடத்துக்கு முன் அந்த வாரத்தில்தான் அவருடைய ஒரே மகள், பதினேழு வயதுப் பெண், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒருமுறை அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதோ என்று மனிதருக்குப் பயம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். உலகத்தின் மறுகோடியில் ஒரு தீவு. அந்தத் தீவுப் பந்தயத்தைச் சரியாக அந்த வாரத்தில் போடுவார். "நான் போகாம அங்க ஒண்ணும் நடக்காது" என்று பெட்டியைத் தூக்குவார். மகளின் அறையைத் திறந்து, கட்டிலில் தன்னந்தனியாக உட்கார்ந்து அந்த நாளைக் கழிப்பது மனைவியின் பாடு.

மூன்று வருடம் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நாலாவது வருடம் பால் திரிந்துவிட்டது.

புது விதி வந்திருந்தது. கனமான சாமான்களை இனி விமானத்தில் ஏற்றக்கூடாது, கப்பலில்தான் அனுப்ப வேண்டும். ஆகஸ்ட் இரண்டாம் வாரப் பந்தயம் பூமியின் இந்தப் பக்கம். மூன்றாம் வாரத் தீவு அந்தப் பக்கம். நடுவே இருப்பது ஏழு நாள், கப்பல் கேட்பதோ பன்னிரண்டு நாள். இரண்டாம் வாரத்தை நகர்த்தினால் ஜூலை இடித்தது. ஜூலையை நகர்த்தினால் வேறொரு ஊரில் மழை கொட்டியது. சாப்பாட்டு மேசை முழுக்கப் பெரிய தாளை விரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம் கிழித்து, ஊருக்கு ஒரு சீட்டு வைத்து, மூன்று நாளாக மனிதர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மூணு நாளா நின்னுக்கிட்டே சாப்பிடறோம். மேசை எப்போ காலியாகும்?"

"உலகமே காத்துக்கிட்டிருக்கு. உனக்கு மேசை கேக்குதா?"

"உலகம் என்ன நின்னுக்கிட்டா சாப்பிடுது?"

அவளை லேசாக எடை போட்டுவிடாதீர்கள். பஸ் டிப்போவில் இருநூறு டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறவள். டிமிக்கி கொடுக்கிற ஆளை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு டிரைவர் ஒரே மாமனாரை நாலு தடவை சாகடித்து லீவு வாங்கினார். ஐந்தாம் தடவை, அந்த மாமனாரையே டிப்போவுக்கு வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மருமகன் எதிரில் உட்கார வைத்தாள்.

"நான் வேணா போட்டுத் தரட்டுமா?" என்றாள்.

நாள்காட்டிக்குச் சிரிப்பு வந்தது. "இது என்ன, டிப்போலேருந்து ஸ்டேஷனுக்குப் போற பஸ்ஸா?"

"எல்லாமே சக்கரம்தானே? நகருங்க. எதை எதைத் தொடக்கூடாது, அதை மட்டும் சொல்லுங்க."

"தீவை மட்டும் தொடாதே. அது ஆகஸ்ட்லதான் இருக்கணும்."

"ஏன்?"

"காத்து."

"காத்தா?"

"செப்டம்பர்ல அங்க பேய்க்காத்து அடிக்கும். கார் பறந்துடும்."

"ஆகஸ்ட்ல?"

"தென்றல்."

"அப்படியா!" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "ஆகஸ்ட்லயே எந்த வாரம்?"

மூன்றாம் வாரம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எந்த நாள் என்று இருவருக்கும் தெரியும். அந்த நாளின் பேச்சையே மூன்று வருடமாக அவர் வீட்டுக்குள் விட்டதில்லை.

"ஆகஸ்ட்ல இருந்தா சரி" என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், வேலை முடிந்திருந்தது! மொத்தம் மூன்றே மூன்று சீட்டுதான் இடம் மாறியிருந்தது. கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த ஊரிலும் மழை இல்லை. ஜூலை யாரையும் இடிக்கவில்லை. தீவும் ஆகஸ்டில் அம்சமாக உட்கார்ந்திருந்தது. அடடா, அடடா என்று தாளைச் சுற்றிச் சுற்றி வந்தார். படம் எடுத்தார். மேலதிகாரிக்கு அனுப்பினார். தன் மூளை என்றே எழுதி அனுப்பினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்து நிமிடத்தில் மேலதிகாரி போன் செய்தார். "ஐயா, கை கொடுங்க! எல்லா அணியும் ஒத்துக்கிட்டாச்சு. இப்பவே அறிவிச்சுட்டோம். அதிலயும் மெக்கானிக்குங்களோட கட்டாய ஓய்வு வாரத்தை ஜூன்லேருந்து தூக்கிக் கப்பல் போற வாரத்துல வெச்சீங்க பாருங்க, அது மூளை!"

நாள்காட்டி தாளைக் குனிந்து பார்த்தார். தீவு நாலாம் வாரத்தில் இருந்தது. நாலாம் வாரத்தில் முன்பு இருந்த பந்தயம் ஜூனுக்குப் போயிருந்தது. மூன்றாம் வாரக் கட்டத்தில் ஓய்வுச் சீட்டு. கட்டம் கட்டமாக உலகத்துக்கே கணக்குப் போட்ட மனிதர், வீட்டில் ஒரு வாரத்தை எண்ணாமல் விட்டுவிட்டார்.

"என்ன காரியம் பண்ணிட்டே! அந்த வாரம் எங்கயுமே பந்தயம் இல்லையே!"

"இல்ல" என்றாள். "எல்லாக் காரும் நிக்குது. நீங்களும் நில்லுங்க."

"தீவுக்கு நான் முன்கூட்டியே போயி..."

"கப்பலே நடுக்கடல்ல இருக்கும். நீங்க போயி மணலையா எண்ணுவீங்க?"

"ஆபீஸ்ல வேலை..."

"ஓய்வு வாரத்துல ஆபீஸுக்குப் பூட்டு. விதிப் புத்தகத்துல இருக்கு. நீங்க எழுதின விதிதான்."

கழுவுற மீனில் நழுவுற மீன் அவர். இப்போது நழுவ ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னால முடியாதும்மா. அந்த அறைக்குள்ள என்னால உக்கார முடியாது."

"எனக்கு முடியுதுன்னு யாருங்க சொன்னா?" அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "மூணு வருஷமா ஒத்தையா உக்காந்திருக்கேன். அவளைப் பத்திப் பேச எனக்கு இந்த வீட்டுல வேற யார் இருக்கா?"

மேசை மீதிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

"நான் அழுதுட்டேன்னா?" என்று கேட்டார் கடைசியில். "நிறுத்தவே முடியாமப் போச்சுன்னா?"

"அழுங்க. அதுக்குத்தானே உலகத்துக்கே ஒரு வாரம் லீவு விட்டிருக்கேன்."