நாலு ஒயரும் ஒரு பல் டாக்டரும்

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உடம்பெல்லாம் உதறியது. கண்ணாடி ஆடியது, சீட் ஆடியது, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பல் டாக்டரின் கன்னச் சதையும் சேர்ந்து ஆடியது.

"ஏங்க, மெக்கானிக்கைக் கூப்பிடலாமா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"எதுக்கு? எனக்குக் கை இல்லையா?"

கேட்டுவிட்டாரே தவிர, அந்தக் கையைப் பற்றி அவருக்கே சந்தேகம். போன வருஷம் ஒரு நாள் ஊசி போடும்போது வலது கை லேசாக நடுங்கியது. நோயாளி கவனிக்கவில்லை. இவர் கவனித்தார். அந்த மாதமே கிளினிக்கை இழுத்து மூடிவிட்டார். அதிலிருந்து வெங்காயத்தை இப்படி நறுக்காதே, பாலை அப்படிக் காய்ச்சாதே என்று வீட்டில் பாடம் நடத்துவதுதான் முழுநேர வேலை.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தன் காரின் பானெட்டைத் தூக்கினார். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னவர், இப்போது தானே வாயைப் பிளந்து நின்றார்.

"இங்க வந்து பாரேன்! இதுக்குள்ள இவ்வளவு சங்கதி இருந்திருக்கு!"

ஒரு கறுப்பு மூடியிலிருந்து நாலு தடித்த ஒயர்கள் கிளம்பிப் போய், நாலு ஸ்பார்க் பிளக்குகளின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஆடியது.

"லூஸா இருக்கு. ஆடுற பல்லு மாதிரி."

"பிடுங்கிடாதீங்க!"

பிடுங்கிவிட்டார். பழக்கதோஷம். ஒன்றோடு நிறுத்தவும் மனசு வரவில்லை. நாலையும் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியில் வரிசையாகப் படுக்க வைத்தார்.

மனைவி துணியைப் பார்த்தாள். "எது எங்க இருந்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"முப்பத்திரண்டு பல்லுக்கும் இடம் தெரிஞ்சவன் நான். நாலு ஒயருக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. தோன்றியபடி மாட்டிச் சாவியைத் திருப்பினார்.

டமால்!

புகைக்குழாய் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் வாசலிலிருந்து ஓடி வந்தார். மூணாம் மாடிக்காரர் பாதி மழித்த முகமும் சோப்பு நுரையுமாக இறங்கி வந்தார்.

"என்ன டாக்டர், குண்டா?"

"சின்ன ட்ரீட்மென்ட்."

மூணாம் மாடிக்காரருக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. கைபேசியில் தேடிப் படித்தார். "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. இந்த வரிசையிலதான் பொறி போகணுமாம்."

"ஒண்ணுக்கப்புறம் ரெண்டு வராதா?"

"வராதாம். இப்படி மாறி மாறி வெடிச்சாத்தான் வண்டி அலுங்காம ஓடுமாம். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல வெடிக்குமாம் டாக்டர்!"

டாக்டர் குனிந்து என்ஜினை உற்றுப் பார்த்தார். "என் முழங்காலுக்கு முன்னாடி நிமிஷத்துக்கு ஆயிரம் வெடி வெடிச்சுக்கிட்டிருந்திருக்கு. நான் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கிட்டுப் போயிருக்கேன்!"

வரிசைப்படி மாட்டினார். வரிசை சரி, கறுப்பு மூடிக்குள் பொறி சுற்றும் திசைதான் தப்பு. இந்த முறை போட்ட டமாலில் பக்கத்தில் நின்ற கார்களின் அலாரமெல்லாம் சேர்ந்து ஒப்பாரி வைத்தன.

"ஏங்க, இப்பவாவது மெக்கானிக்கை..."

"பேசாம இரு!"

திசையை மாற்றி மாட்டினார். என்ஜின் கிளம்பியது. ஆனால் உதறல் முன்னைவிடப் பல மடங்கு. நம்பர் பிளேட் கைதட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டது. அடுத்த வெடிக்குக் கட்டடமே போய்விடும் என்று வாட்ச்மேன் முடிவுகட்டிவிட்டார். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார்.

கீழ்த்தளம் இருண்டது.

"யாருய்யா அது லைட்டை..." என்று ஆரம்பித்த மூணாம் மாடிக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என்ஜினுக்குள் மின்னல் அடித்துக்கொண்டிருந்தது.

நூல் நூலாக நீல மின்னல். ஓர் ஒயரின் இடுப்பிலிருந்து எட்டிக் குதித்து, பக்கத்து இரும்பைத் தொட்டு மறைந்து, மறுபடி குதித்தது. மழைக்கால வானத்தை யாரோ சுருட்டி அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டது போலிருந்தது. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மனைவி டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாடி! இப்படியெல்லாம் இருக்கும்னு எனக்குத் தெரியாதே!"

டாக்டர் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மூணாவது. சொத்தை அங்கதான்."

விளக்கு வந்ததும் என்ஜினை நிறுத்தி ஒயரைக் கழற்றினார். முடி அளவுக்கு ஒரு விரிசல். பல்லைச் சுற்றி விரிக்கிற ரப்பர் ஷீட் கிளினிக் பெட்டியில் மிச்சமிருந்தது. அதைப் பட்டையாக வெட்டி, விரிசல்மேல் இழுத்துச் சுற்றி, டேப் ஒட்டி, இரும்பில் படாமல் ஒதுக்கி மாட்டினார். வேலை முடிந்தபிறகுதான் கையைப் பார்த்தார். நடுங்கியிருக்கவே இல்லை. மனைவியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி.

"டாக்டர், நம்ம வண்டியையும் ஒரு நாள் பாருங்க" என்றார் மூணாம் மாடிக்காரர், காய்ந்துபோன நுரையோடு.

"பாத்துடலாம். முதல்ல இதுக்குப் புது ஒயர் வாங்கிட்டு வரேன். கட்டு ரொம்ப நாள் தாங்காது."

"தெருமுனைக் கடைக்குப் போகாதீங்க" என்றாள் மனைவி அவசரமாக. "பெரிய கடைக்கே போங்க."

தெருமுனையில் கடை இருக்கும்போது எதற்குச் சுற்ற வேண்டும்? தெருமுனைக் கடையிலேயே நிறுத்தினார். பானெட்டைத் திறந்து காட்டி, டமாலிலிருந்து மின்னல்வரை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

உதிரிபாகக் கடைக்காரர் குனிந்து, ரப்பர் கட்டைத் தடவிப் பார்த்தார். "பிரமாதமா கட்டியிருக்கீங்க. நீங்க பல் டாக்டர்தானே?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"புது ஒயரெல்லாம் வேண்டாம் சார். நல்ல ஒயர் உங்க வீட்லயே பத்திரமா இருக்கு."

"என் வீட்லயா?"

"'வண்டி கெட்டுப்போகக் கூடாது, ஆனா அவர் இறங்கிப் பாக்கற அளவுக்கு உதறணும்'னு சொல்லி, இந்த விரிசல் விட்ட ஒயரை நேத்து உங்க வீட்டம்மாதான் வாங்கி, மாட்டவும் கத்துக்கிட்டுப் போனாங்க, அடுத்த மாசத்துக்கு ஓட்டை ரேடியேட்டர் குழாய் ஒண்ணும் சொல்லி வெச்சிருக்காங்க சார்!"