சாந்தமணி விருது

எந்த வரைபடத்திலும் இல்லாத சாந்தபுரியில் யாரும் பயப்படக் கூடாது என்பது சட்டம். பயந்தவர்களைக் காவலர்கள் அடித்ததில் பயம் கூடியது. அதை அளந்தே தீருவதென்று அமைச்சர் பிரதாபர் முடிவு செய்தார்.

உடல் நெருக்கடியில் இருக்கும்போது, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் கார்டிசாலைக் கூட்டும் என்று அரண்மனை வைத்தியர் சிவசைலம் எப்போதோ சொல்லித் தொலைத்திருந்தார். அதுவே அளவுகோல் ஆனது. காலையில் ஊரார் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எல்லோருக்கும் கூடுதல்.

"விடியலில் அது இயல்பாகவே கூடும்" என்றார் வைத்தியர்.

"அப்படியானால் விடியல்தான் ராஜத்துரோகி" என்ற பிரதாபர், இனி மாலையில் மட்டுமே ரத்தம் எடுக்க ஆணையிட்டார். அளவு பாதியாயிற்று. சாதனை என்று வெடி வெடித்தார்கள். அந்தச் சத்தத்தில் ஏறியது கணக்கில் வரவில்லை.

அடுத்த ஆணைப்படி, கார்டிசால் மாத்திரையைக் கையில் வைத்திருப்பதே குற்றம். அது அளவை ஏற்றிவிடும். அதற்கடுத்து, மிகக் குறைந்த அளவுள்ள குடிமகனுக்குச் சாந்தமணி விருது அறிவிக்கப்பட்டது.

அது கல் உடைக்கும் மாசிலாமணிக்குக் கிடைத்தது. சில மாதங்களாக அவருக்குத் தேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எழுந்தால் தலை சுற்றியது. உப்பை அள்ளி அள்ளித் தின்றார். விருது மேடைக்குக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

"பார்த்தீர்களா, எவ்வளவு நிதானம்!" என்றார் பிரதாபர்.

"நிதானமா? மனுசனால உக்காரக்கூட முடியல" என்றாள் மாசிலாமணியின் மனைவி வேலம்மை. "வைத்தியரய்யா, என்னன்னு நீங்களாவது சொல்லுங்க."

சிவசைலம் குரலைத் தாழ்த்தினார். "தலைக்குள்ள பிட்யூட்டரின்னு ஒண்ணு இருக்கும்மா. அதுதான் அட்ரினலுக்கு ஆணை அனுப்பும். ரெண்டு அளவையும் சேத்துத்தான் பாக்கணும். இவருக்கு ஆணை எக்கச்சக்கம், கார்டிசால் இல்லவே இல்ல. தலை கத்துது, கேக்க வேண்டியது செத்துக் கெடக்கு. மாத்திரை உள்ள போகலேன்னா நாளைக்கு இருக்கமாட்டார்."

பிரதாபர் காதில் அது விழுந்துவிட்டது. "தலையில் ஆணை அதிகமா? அதற்குப் பெயர் தலைமை! கீழே சத்தமே இல்லையா? அதற்குப் பெயர் அமைதி! லட்சிய நாடே இவர் உடம்புதான்!"

பிறகு மன்னர் அஞ்சாநெஞ்சரின் அளவுகள் வாசிக்கப்பட்டன. குடிகளுக்குப் பயம் எனப்படுவது மன்னருக்கு வீரம் எனப்படும் என்று ஏற்கெனவே ஓர் ஆணை இருந்தது. கார்டிசால் ததும்பத் ததும்ப. தலையின் ஆணை பூஜ்யம்.

"இது என்னய்யா கூத்து? தலை வாயத் தொறக்கல, கீழ மட்டும் பொங்கி வழியுது?" என்றாள் வேலம்மை.

வைத்தியர் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டார். "பெரும்பாலும் வெளியேருந்து யாரோ மாத்திரை ஊட்டுறாங்கன்னு அர்த்தம். ஊட்ட ஊட்டத் தலை தன் வேலையையே மறந்துடும்."

மேடையில் இருந்த மன்னரும் பழக்கத்தில் பிரதாபரின் மடியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"மடியில என்னங்கய்யா?" என்றான் காவலர் தலைவன்.

சட்டம் போட்டவருக்குச் சட்டம் தெரியும். "இது என்னுடையதல்ல!" என்று மாத்திரை டப்பாவை வீசியெறிந்தார். அது கட்டிலருகே விழுந்தது.

"எங்களுதும் இல்லீங்க" என்று வேலம்மை அதை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "ஆனா வேணும்."

பறிக்க எந்தக் காவலனும் வரவில்லை. கையில் வைத்திருந்தால் குற்றமாயிற்றே. அவள் ஒரு மாத்திரையை உப்புத் தண்ணீரில் கரைத்துக் கணவனுக்குப் புகட்டினாள்.

சில நாட்களில் மாசிலாமணி எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பு அதிகம் என்று அவளோடு சண்டை போட்டார். அளவு ஏறிவிட்டதால் விருது பறிக்கப்பட்டது.

அதற்குள் மன்னர் சிம்மாசனத்தில் சாய்ந்துவிட்டிருந்தார். ஊட்டுவதற்கு எதுவுமில்லை; தலைக்கு ஆணையிடுவது மறந்துபோயிருந்தது. மாலையில் ரத்தம் எடுத்தார்கள். மேலே பூஜ்யம், கீழேயும் பூஜ்யம்.

"உடனே மாத்திரை வேண்டும்" என்றார் சிவசைலம்.

"சட்டவிரோதம்" என்றார் பிரதாபர். காவலர் தலைவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

சட்டப்படி செய்யவேண்டியது ஒன்றுதான் மிச்சமிருந்தது. சாந்தமணிப் பதக்கத்தைத் துடைத்து மன்னரின் கழுத்தில் அணிவித்தார்.

"பார்த்தீர்களா, எவ்வளவு நிதானம்!"

மன்னர் மறுக்கவில்லை.