கரடியின் புதுத் துப்பாக்கியும் எண்ணெய் குளித்த திருகாணிகளும்

ஒரு காட்டில், கைபேசிக் கோபுரம் முளைத்த பின்னரும் காடு என்றே அழைக்கப்பட்டு வந்த ஒரு காட்டில், திண்புயன் என்னும் கரடி தன் மனைவி மையழகியோடு இல்லறம் நடத்தி வந்தது. அவர்களுக்கிருந்த ஒரே சொத்து ஒரு பலாமரம். முந்தைய ஆண்டு காய்த்தவை அனைத்தையும் நுண்விரலன் என்னும் குரங்கு தன் சுற்றத்தாரோடு உண்டு முடித்து, கொட்டைகளை மட்டும் கரடியின் வாசலில் நாகரிகமாகக் குவித்துவிட்டுச் சென்றிருந்தது.

"இந்த வருஷம் ஒரு சுளையாவது என் வாயில படணும். இல்லேன்னா எங்க அண்ணன் குகைக்குக் கிளம்பிடுவேன், பார்த்துக்குங்க" என்றது மையழகி. சொன்னதோடு நில்லாமல் மூட்டையும் கட்டி வைத்தது.

அஞ்சிய கரடி, குரங்கை மிரட்டுவதற்கென கேஸ் பிஸ்டன் துப்பாக்கி ஒன்றைத் தருவித்தது. அதனுள் சுருள்வில்லுக்குப் பதிலாக அடைபட்ட வாயு இருந்து குண்டைத் தள்ளும் என்று உடன்வந்த தாள் உரைத்தது. மையழகியின் பிறந்தகத்திலோ வேறொரு விதி இருந்தது: புதிதாக வீட்டுக்கு வரும் இரும்பு எதுவாயினும் முதலில் நல்லெண்ணெயில் குளித்தாக வேண்டும். அவ்வாறே துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் ஆகியவற்றோடு, திருகாணி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கரண்டி எண்ணெய் வார்க்கப்பட்டது.

கரடி கறையான் புற்றைக் குறிவைத்தது. முதற்குண்டு புற்றில் பட்டது. இரண்டாம் குண்டு பக்கத்துப் புளியமரத்தில் பட்டது. மூன்றாம் குண்டு எங்கே பட்டதென்று இன்றுவரை தெரியவில்லை. குறிபார்க்கும் ஸ்கோப் ஒருபுறம் சாய, தோளில் பதியும் மரக்கட்டை கடகடவென ஆட, திருகாணி ஒன்று புல்லில் விழுந்தது.

கரடி வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் பேசியது. எதிர்முனையில் ஒரு கிளி.

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்குக் கோவைப்பழம் போன்றது."

"ஸ்கோப் ஆடுதும்மா."

"துப்பாக்கியைக் கீழே வைத்து, மீண்டும் எடுத்துப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். ஆடுது."

"ஆடுவது துப்பாக்கியா, தாங்களா?"

கரடி சற்றே சிந்தித்தது. "ரெண்டும்."

"அப்படியானால் ஏழாம் படிவத்தை நிரப்பி, ஆடுகின்ற திருகாணியின் ஆடாத புகைப்படம் ஒன்றை இணையுங்கள். இருபத்தொரு நாளில் ஆள் வருவார்."

"அதுக்குள்ள பலா பழுத்திடுமே!"

"வாழ்த்துகள். மறவாமல் ஐந்து நட்சத்திரம் அளியுங்கள்."

வேறு வழியின்றிக் கரடி தானே முயன்றது. துப்பாக்கிப் பெட்டியில் இருந்த, திருகாணி முடுக்கும் ஆலன் கீ, அதன் கையில் யானையிடம் அகப்பட்ட ஊசி போலாயிற்று. அப்போது மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாமா, திருப்புறது தப்பு. வலப்பக்கம்."

பலாமரக் கிளையில் நுண்விரலன் அமர்ந்திருந்தது.

"எறங்கினே, சுட்டுடுவேன்டா!"

"எதால மாமா?"

குரங்கு இறங்கி வந்து துப்பாக்கியை முகர்ந்தது.

"யாரு இதுக்கு எண்ணெய் தேய்ச்சது?"

கரடி மனைவியைப் பார்த்தது. மனைவி வானத்தைப் பார்த்தது.

"எங்க வீட்ல அரிவாளுக்கும் தேய்ப்போம், அம்மிக்கும் தேய்ப்போம்" என்றது மையழகி.

"அம்மி குதிக்காது அத்தை. இது ஒவ்வொரு தடவை சுடும்போதும் முன்பக்கமா ஒரு குதி, பின்பக்கமா ஒரு குதி குதிக்கும். எண்ணெய் பட்ட திருகாணி மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு வெளிய வந்துடும்."

பின்னர் நுண்விரலன் திருகாணிகளைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, பெட்டியில் கிடந்த, திருகாணி கழலாமல் பிடிக்கும் பசையில் ஒவ்வொரு துளி இட்டது. கட்டையின் திருகாணிகளை முதலிலும், ஸ்கோப்பின் திருகாணிகளை அடுத்தும், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கியது. "நாளைக்குக் காலைல வரைக்கும் தொடாதீங்க. பசை காயணும்" என்று சொல்லிச் சென்றது.

மறுநாள் காலையில் கரடி மூன்று முறை சுட்டது. மூன்றும் புற்றின் ஒரே துளையில் புகுந்தன. உடனே கரடி மார்பை நிமிர்த்தி, கிளையிலிருந்த குரங்கைக் குறிவைத்தது.

"இப்ப ஓடுடா என் மரத்தை விட்டு!"

நுண்விரலன் உடம்பைச் சொறிந்தவாறு கூறிற்று: "ஓடிடுறேன் மாமா. ஆனா புதுத் துப்பாக்கி பாருங்க, பத்துக் குண்டு போனதும் திருகாணியை மறுபடி ஒரு தரம் இறுக்கணும். இப்ப மூணு ஆச்சு. நான் அடுத்த காட்டுக்குப் போயிட்டா, பதினொண்ணாவது குண்டுக்கு யாரைக் கூப்பிடுவீங்க? கிளியையா?"

கரடி தன் கையை ஒருமுறை பார்த்தது. பின்னர் துப்பாக்கியை மெல்லத் தாழ்த்தியது.

பலா பழுத்தது. கரடி மரத்தடியில் துப்பாக்கியோடு வீற்றிருந்ததால் அணிலும் மரநாயும் இருவாச்சிப் பறவையும் அப்பக்கம் தலைகாட்டவில்லை. நுண்விரலனும் சுற்றத்தாரும் அதுவரை கண்டிராத அமைதியில், எவர் தொந்தரவுமின்றிப் பழங்களை உண்டனர். பதினேழாம் பழத்தை உண்ணும்போது, "அத்தைக்கு" என்று சொல்லி ஒரு சுளையைக் கீழே போட்டது நுண்விரலன்.

மையழகி அதை மென்று விழுங்கிவிட்டு, கட்டிய மூட்டையை அவிழ்த்தது.

நீதி: பகைவனை விரட்டக் கருவி வாங்கியோர், அதைப் பழுதுபார்க்க வல்லவன் அப்பகைவன் ஒருவனே என அறிந்தால், அவன் பசியாறும்வரை அருகிருந்து காவல் காக்கக் கடவர்.