பேர் வெட்டிய சொம்பு

"மறுகுறி சொல்லுங்க, கோடாங்கி!"

கேட்டேவிட்டேன். கோடாங்கியிடம் குறி ஒரு தடவைதான் கேட்க வேண்டும், மறுகுறி கேட்டால் நாக்கு இழுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். என் நாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

கூட்டத்தைச் சொல்லவில்லையே. திருமங்கலத்திலிருந்து வந்த பஸ்ஸில் கூரைமேலும் ஆள். முதல் மழை பெய்து பத்தாம் நாள் எங்கள் கண்மாய் பாசி மூடிப் பச்சைப் பாயாகி, மீனெல்லாம் செத்து மிதந்தது. யார் வீட்டுத் தண்ணீரில் தீட்டு என்று மோந்து பார்த்தே சொல்ல சோணைக் கோடாங்கி வந்திருந்தார். அவரவர் நிலத்திலிருந்து கண்மாய்க்கு ஓடும் தண்ணீரில் வீட்டுக்கு ஒரு சொம்பு.

கண்ணைக் கட்டிக்கொண்டார். சொம்பைத் தடவினார், மோந்தார். "நல்லகாமன் வீடு! சுத்தம்!" ஒரு பேர்கூடத் தப்பவில்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனுஷன் வேறெப்படிச் சொல்வார்? ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கடைசிச் சொம்புக்கு உடுக்கை அதிர்ந்தது. "இருளாயி வீடு! இங்கனதான் இருக்கு தீட்டு!"

எல்லாருக்கும் நிம்மதி. கண்மாய்க்குள் வாயை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே குழாய் அவளுடையதுதான். கழுநீர் போகும் மண்குழாய். விரல் நீட்ட ஓர் இடம் வேண்டாமா?

"இனி அவ ஊருணியில கால் வைக்கக் கூடாது" என்றார் ஊர்ப்பெரியவர் நல்லகாமன், என் பெரியப்பா. ஊருணியை விட்டால் குடிதண்ணீருக்கு இரண்டு மைல். இருளாயி கைப்பிள்ளைக்காரி.

அப்போதுதான் மறுகுறி கேட்டேன். கோடாங்கி சிரித்தார்.

"படிச்ச புள்ளையா? எம்புட்டுத் தடவ வேணும்னாலும் சொல்றேன் ஆத்தா."

அவர் கண்கட்டு அவிழவில்லை. டீக்கடை மலையாண்டி அண்ணன் வாயில் விரல் வைத்துக் கூட்டத்தை அடக்க, எல்லார் கண்முன்னும் மாற்றினேன். இருளாயியின் தண்ணீர் பெரியப்பா சொம்புக்குப் போனது. அவள் சொம்பைக் கழுவி, கோடாங்கியின் கூஜாத் தண்ணீரை ஊற்றினேன்.

கோடாங்கி, பெரியப்பாவின் சொம்பைத் தடவினார். "நல்லகாமன் வீடு! பன்னீரு மாதிரில்ல இருக்கு!"

அடுத்ததைத் தடவினார். "ஐயய்யோ, இருளாயி! கொடலப் பெரட்டுதே!"

"அது நீங்க குடிக்கிற கூஜாத் தண்ணி, கோடாங்கி."

சொம்புக் கழுத்தில் பாத்திரக்கடைக்காரர் வெட்டிய பேரை மலையாண்டி அண்ணன் தடவிப் பார்த்தார். "அட, கட்டவிரல்ல வாசிச்சிருக்காருய்யா! முதியோர் கல்விக்கு வாத்தியாரா வாங்கண்ணே!"

கோடாங்கி வெறும் கூஜாவோடு பஸ் ஏறினார்.

"அப்ப மீனக் கொன்னது யாரு?" என்றார் பெரியப்பா.

"கொழாய்னா வாய அடச்சிரலாம் பெரியப்பா. இதுக்கு வாயே இல்ல. மழைக்கு மொத நாளு யூரியா போட்டது யாரு? நீங்க, எங்கய்யா, அம்புட்டுப் பேரும். தொழுவத்துச் சாணியும் சேந்து வரப்பு வரப்பா வழிஞ்சு வந்துதான் பாசி மூடி மீனுக்கு மூச்சு முட்டுச்சு. இருளாயி கொழாயும் அதுல ஒரு சொம்பு."

அய்யா பதறினார். "ஏண்டி, நம்ம வயலையுமா சொல்லுவ?"

"அதத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"அம்புட்டுப் பேரும்னா, யாரத் தள்ளிவைக்கிறது?" பெரியப்பாவுக்கு நிஜமாகவே கவலை.

"யாரையும் வேணாம். மழை பாத்து ஒரம் போடுங்க. கண்மாய் ஓரம் பத்தடிக்குப் புல்லு விடுங்க, வழிஞ்சு வர்றத அது புடிச்சுக்கிரும்."

அவர் மீசையைத் தடவினார். "அதெல்லாம் பெறகு பாப்போம். ஆனாலும் குறி குறிதான். இருளாயி ஊருணிக்கு வர வேணாம்."

கோடாங்கி போய்விட்டார்; குறி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது! சொம்பில்தான் பேர் வெட்டியிருக்கிறது ஊராரே, தண்ணீரில் இல்லை. அதை மோந்து கண்டுபிடிக்கச் சாமி வராது. உங்கள் மண்டைதான் வேலை செய்ய வேண்டும்.

குறி யார்மேல் விழும் என்று காலையிலேயே எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு குடத்தோடு வந்திருந்தேன். ஒன்றை இருளாயி இடுப்பில் வைத்தேன்.

"வாக்கா, போவோம்."

"ஏய் சீனியம்மா! எங்கடி போற?" அய்யா கத்தினார்.

ஊருணிக்குத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.