துவைக்கிற கல்

ஜெபஸ்டின் உளியை வைத்து மூன்றாவது அடிதான் அடித்திருப்பான். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நாலு பெண்கள் அழுக்குத் துணி மூட்டையோடு நிற்கிறார்கள்.

"எய்யா, இது எங்க கல்லுல்லா" என்றாள் முன்னால் நின்ற ஞானம்பாள். மூன்று வேளையும் அவனுக்குச் சமைத்துப் போடுகிறவள் அவள்தான். பகைத்துக்கொள்ள முடியாது.

"எது, இந்தக் கல்லா?"

"பின்ன? வாய்க்கால் படித்துறையில நாங்க துவைக்கிற கல்லு. நேத்து மதியம் வரைக்கும் அங்கன கெடந்துச்சு. இன்னைக்குப் போனா காணல."

ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றை, கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இடமாக மாற்றியிருந்தார்கள். ஜெபஸ்டினுக்கு அங்கே பத்து நாள் இடம் கிடைத்திருந்தது. பத்தாம் நாள் சென்னையிலிருந்து பெரிய சிற்பி சாலமோன் வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் ஒரு வருடத்துக்குத் தன் பட்டறைக்கு அழைத்துக்கொள்வார். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் மாம்பழமும் மண்பானையும் வரைந்துகொண்டிருந்த ஓவிய ஆசிரியருக்கு அதைவிட மோட்சம் ஏது?

மனைவி ஃபெபி பஸ் ஏற்றிவிடும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இதுதான் கடைசி. இதுலயும் ஒண்ணும் தேறலன்னா, இனி நம்ம வீட்டுல கல்லுன்னு ஒண்ணு இருந்தா அது ஆட்டுக்கல்லாத்தான் இருக்கணும்."

ஆனால் வரவேண்டிய கல் வரவில்லை. லாரி வழியில் படுத்துவிட்டது என்று மூன்று நாளாக ஒரே பதில். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாய்க்கால் பக்கம் நடக்கப் போனவன் கண்ணில் இந்தக் கல் பட்டது. இடுப்பளவு நீளம், பாசியும் சோப்புக் காறையும் பிடித்த உடம்பு, மேலே ஒழுங்கில்லாமல் மூன்று மேடு. இயற்கைக்குச் செதுக்கத் தெரியாது என்பதற்கு அந்த மேடுகளே சாட்சி என்று நினைத்துக்கொண்டான். மற்றபடி நல்ல கல். உடனே லோடு ஆட்டோ ரசீத்தைக் கூப்பிட்டான்.

"ஆரு கல்லு அண்ணாச்சி இது?" என்று ரசீத் கேட்கத்தான் செய்தான்.

"ஆரு கல்லும் இல்லவே. சும்மா கெடக்கு. தூக்கும்."

அப்படித் தூக்கியதற்குத்தான் இப்போது அழுக்கு மூட்டைகள் வாசலில் நின்றன.

ஜெபஸ்டின் சமாதானம் பேசினான். திரும்பக் கொடுத்தால் வேறு கல்லுக்குப் போக வழியில்லை. "இங்கன முற்றத்துல குழாய் இருக்கு. காலையில நீங்க துவைங்க. மத்தியானத்துக்கு மேல நான் செதுக்குதேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்க்காலுக்கு நடக்கிற நடை மிச்சம். சம்மதித்தார்கள்.

கலையக மேலாளர் லிண்டாவுக்குத்தான் நுரையைக் கண்டு ஆத்திரம். "என்னவும் செய்ங்க. ஆனா சாலமோன் சார் வரும்போது வாய்க்கால் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. அவரு இங்கன தங்கிச் செஞ்ச 'மூன்று சகோதரிகள்' அந்தக் கரையிலதான் இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி வெள்ளத்துல போயிட்டு. இன்னைக்கும் அதைச் சொன்னா கண்ணு கலங்கிருவாரு."

இடுப்பில் குடத்தோடு மூன்று அழகிகள் வெள்ளத்தில் மிதந்து போவதை ஜெபஸ்டின் மனக்கண்ணில் பார்த்தான். அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அவன் மனதில் இருந்தது ஒரு கழுகு. மூன்று மேட்டில் நடுவில் தலை, இரண்டு பக்கமும் இறக்கை. அன்றைக்கு மத்தியானமே ஒரு இறக்கைக்கு வரி போட்டுவிட்டான். மறுநாள் காலை அந்த வரியில் மாட்டி, நாலு பெண்களில் ஒருவரான யூனிஸ் டீச்சரின் சேலை ஒரு முழத்துக்குக் கிழிந்தது.

"பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எடுத்த சேலை" என்றார் யூனிஸ். ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் இன்னொரு பள்ளிக்கூடத்துக்காரரைப் பார்க்கும் பார்வை ஒன்று பார்த்தார்.

"வரியைத் தேச்சிருதேன் டீச்சர்."

"வரிய மட்டும் தேச்சு என்ன செய்ய?" என்றாள் ஞானம்பாள். "அந்த மேடே சனியன்தான். எத்தன துணியக் கிழிச்சிருக்கு. கல்லு தேய்க்கிற மிசினு வச்சிருக்க ஆளு இப்பத்தான் ஆப்பிட்டிருக்கிய. பைய அதையும் எடுத்துருங்க."

எடுத்தான். இறக்கை ஒன்று போனதால் கழுகைக் கைவிட்டு, இறக்கையை மடக்கி உட்கார்ந்த புறாவுக்கு மாறினான். சமாதானத்துக்கும் அது பொருத்தமாக இருந்தது.

ஒரு பக்கம் மேடு போனதும் துணி எல்லாம் அந்தப் பக்கமாகவே வழுக்கியது. "இந்தப் பக்கமும் எடுத்தாத்தான் சமமா நிக்கும்" என்றாள் ஞானம்பாள். அன்றைக்குக் குழம்பில் இரண்டு மீன் துண்டு கூடுதலாக விழுந்தது. அந்த மேடும் போனது. புறா சுருங்கிக் கோழிக்குஞ்சு ஆனது.

கோழிக்குஞ்சையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஜெபஸ்டின் ஒரு வேலை செய்தான். பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போன் போட்டு, அடுப்படி மேடைக்குப் போடுகிற, செதுக்க உதவாத மெல்லிய பளபளப்புக் கல் ஒன்றை வரவழைத்துப் படித்துறையில் பதித்தான். "இனிமே உங்களுக்கு இது, எனக்கு அது."

ரசீத் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "மொகம் தெரியுதே அண்ணாச்சி" என்றான்.

முகம் தெரிந்தது. துணிதான் நிற்கவில்லை. யூனிஸ் டீச்சர் ஓங்கி ஒரு போர்வையை அடித்தார். அது கல்லில் வழுக்கி, வாய்க்காலில் விழுந்து, அவர் குனிவதற்குள் தாமிரபரணியைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது. நாலு பெண்களும் மூட்டையோடு மறுபடி முற்றத்துக்கு வந்தார்கள். சேலைக்கும் போர்வைக்கும் சேர்த்து ஜெபஸ்டின் நடு மேட்டையும் தேய்த்துக் கொடுத்தான். குஞ்சு போன பிறகு முட்டைக்குக்கூட அதில் இடமில்லை.

ஒன்பதாம் நாள் லிண்டா கண்டிப்பாகச் சொன்னாள். "நாளைக்கு சார் வாராவ. முற்றத்துல நுரையும் இருக்கக்கூடாது, கல்லும் இருக்கக்கூடாது."

ரசீத் வந்து கல்லைப் படித்துறையில் இறக்கினான். பழகிய கை சும்மா இருக்குமா? ஜெபஸ்டின் அங்கேயே உட்கார்ந்து சாயங்காலம் வரை அதை வழுவழுப்பில்லாமல், சொரசொரப்பில்லாமல், துணிக்கு இதமாக நீவிக் கொடுத்தான். கையில் காட்ட ஒன்றுமில்லை. ஃபெபிக்குச் சொல்ல வேண்டியதை, உளியைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். மாம்பழமும் மண்பானையும் அவனை விடுவதாக இல்லை.

பத்தாம் நாள் சாலமோன் வந்தார். வெள்ளைத் தாடி, கைத்தடி, சிரிக்காத முகம். காலியான முற்றத்தைப் பார்த்தார்.

"எங்கே உன் சிற்பம்?"

"இல்லை சார்" என்றான் ஜெபஸ்டின். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "இருந்த ஒரே கல்லும் வாய்க்கால்ல கெடக்கு."

லிண்டா கண்ணைக் காட்டுவதற்குள் பெரியவர் கைத்தடியை ஊன்றி வாய்க்காலை நோக்கி நடந்துவிட்டார்.

படித்துறையில் நாலு பெண்களும் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாலமோன் கல்லைக் கண்டதும் நின்றார். கிட்டே போய்க் குனிந்து, நுரையை விலக்கி, உள்ளங்கையை அதன்மேல் ஓட்டினார். ஒருமுறை அல்ல, மூன்று முறை.

"இதை நீயா செய்தாய்?"

"தேய்ச்சது நான்தான் சார்."

"மேலே என்ன இருந்தது?"

"கண்டபடி மேடா இருந்துச்சு. சகிக்கல. எடுத்துட்டேன்."

"அதுதான் கலை" என்றார் சாலமோன், குரல் தழுதழுக்க. "கண் இல்லாதவன் அதை எல்லாம் அப்படியே விட்டுவைத்திருப்பான். திங்கட்கிழமை என் பட்டறைக்கு வந்துவிடு."

ஜெபஸ்டின் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து ஃபெபிக்கு அடிக்க எண்ணைத் தேடினான்.

சாலமோன் ஓடும் தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இந்தக் கரையில்தான் என் மூன்று சகோதரிகள் இருந்தார்கள். பாழாய்ப்போன வெள்ளம் கொண்டுபோய்விட்டது."

ஞானம்பாள் பிழிந்துகொண்டிருந்த வேட்டியை உதறிக் கல்லின்மேல் போட்டாள்.

"வெள்ளம் எங்கய்யா கொண்டுபோச்சு? உருட்டிக்கிட்டு வந்து இங்கனதான் போட்டுச்சு. மூணு பேரும் சேர்ந்து துணியக் கிழிச்சாவன்னு, இந்தத் தம்பிதான் ஒவ்வொருத்தரா தேச்சுத் தந்தாவ."